இருபத்தொரு நாள் திராட்சை ஜூஸ்

இதை எனக்கு முதலில் சொன்னது பூமாரி. போன வருசம் ஆனி மாசம், தேனியிலிருந்து போடிக்குப் போகிற பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொன்னாள். கோடாங்கிபட்டி பக்கத்தில் டயர் பஞ்சராகி பஸ் முக்கால் மணி நேரம் நின்றதால்தான் கதை முழுசாகக் கிடைத்தது. இந்தக் கதை நடந்த ஆபீஸை, அது திறந்த நாளிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவள் பூமாரி. ஒரு ஆபீஸில் என்ன நடந்தது என்று அதிகாரியிடம் கேட்டால், என்ன நடந்திருக்க வேண்டும் என்று சொல்வார். குப்பைக்கூடையைக் கொட்டுகிறவளிடம் கேட்டால் நடந்ததைச் சொல்வாள். ஆண்டவர் சாட்சியாக நான் ஒன்றும் கூட்டவில்லை. எங்கேயாவது குறைந்திருந்தால் அது என் மறதி.

பழனிசெட்டிபட்டியில் இவாஞ்சலின் என்று ஒரு அம்மா. வயசு ஐம்பத்தேழு. வீட்டுக்காரர் கிங்ஸ்லி தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். மகன் ஓசூரில் வேலை, மகள் ஷெரின் கல்யாணமாகி கோயம்புத்தூரில். ஏழு வருசத்துக்கு முன்னால் ஷெரினுக்கு மஞ்சள் காமாலை முற்றி, தண்ணீர்கூட உள்ளே நிற்காமல் கிடந்தபோது, இவாஞ்சலின் கட்டில் ஓரத்தில் முழங்கால் போட்டு ஒரு வார்த்தை கொடுத்தாள். “ஆண்டவரே, என் பிள்ளை எந்திரிச்சு நடந்தா, ஏழு கோடைக்கு நம்ம சபைக்கு வர்ற பிள்ளைகளுக்கெல்லாம் என் கையால திராட்சை ஜூஸ் போட்டுக் குடுக்கிறேன்.” ஷெரின் எழுந்தாள். முதல் வாய் உள்ளே நின்றதும் திராட்சை ஜூஸ்தான்.

சபையில் மே மாசம் பத்து நாள் விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். காலையில் பாட்டு, கதை, கைவேலை. எண்பது, தொண்ணூறு பிள்ளைகள் சேரும். ஜூஸ் உண்டு என்றால் எந்தச் சாமியைக் கும்பிடுகிற வீட்டுப் பிள்ளையும் வரும். அதில் கடைசி நாளில் ஒரு வேளை இவாஞ்சலின் போடுகிற ஜூஸ். ஆறு கோடை கொடுத்து முடித்துவிட்டாள். இது ஏழாவது. இதைக் கொடுத்துவிட்டால் வார்த்தை நிறைவேறியது.

ஜூஸ் போடுவதில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. காமயகவுண்டன்பட்டியில் தோட்டம் வைத்திருக்கிற சின்னச்சாமி பன்னீர் திராட்சையைக் கூடையோடு பஸ்ஸில் ஏற்றிவிடுவார். கறுப்புத் திராட்சை, கொட்டை உண்டு, வாசமும் உண்டு. காம்பிலிருந்து உதிர்த்து, மஞ்சளும் கல் உப்பும் போட்ட தண்ணீரில் மூன்று தடவை அலச வேண்டும். அடிகனமான பாத்திரத்தில், பழம் முங்குகிற அளவுக்குத் தண்ணீர் விட்டு, சர்க்கரை போட்டு அடுப்பில் ஏற்ற வேண்டும். தோல் வெடித்து நிறம் இறங்கும்வரைதான் கொதி. அசந்தால் கொட்டையின் கசப்பு இறங்கிவிடும். ஆறவைத்து, மத்தால் பதமாக மசித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, நாலு ஏலக்காய் தட்டிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, குளிர்ந்த தண்ணீர் சேர்த்தால் முடிந்தது. எலுமிச்சை விழுந்ததும் கருநீலம் சட்டென்று செவ்வரளி நிறத்துக்குத் திரும்பும். அந்த நிமிசம் இவாஞ்சலின் ஒவ்வொரு தடவையும் “ஸ்தோத்திரம்” என்பாள்.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த ஜூஸுக்குள் ஏப்ரல் முதல் வாரத்தில் பொன்னுராஜ் வந்து விழுந்தார். அவர் சபைக் கமிட்டிச் செயலாளர். முப்பத்தாறு வருசம் ஏதோ ஒரு ஆபீஸில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வு உடம்புக்குத்தான்.

“சிஸ்டர், இந்த வருசம் ஜூஸ் விசயத்துல ஒரு சின்ன நடைமுறை.”

“என்னங்கய்யா?”

“இருபத்தஞ்சு பேருக்கு மேல கூடுற இடத்துல வீட்டுல செஞ்ச பானம் குடுக்கணும்னா ஏற்புச் சான்று வேணுமாம். புதுசா ஒரு பிரிவு திறந்திருக்காக.”

“நான் காசுக்கு விக்கலையே.”

“வித்தா பரவாயில்ல சிஸ்டர். அது வியாபாரம். சும்மா குடுக்கிறதுதான் சந்தேகத்துக்கு இடமாகுது.”

“சான்று கிடைக்கலேன்னா?”

“ஆரஞ்சுப் பவுடர் வாங்கிக் கலக்கிருவோம். பாக்கெட்டுலயே நம்பர் அடிச்சிருக்காக. பதினாலு இலக்கம். நான் எண்ணிப் பாத்தேன்.”

“அதுல பழம் இருக்காங்கய்யா?”

“படம் இருக்கு,” என்றார் பொன்னுராஜ்.

மறுநாள் இவாஞ்சலின் தேனிக்குப் போனாள். கோடைப் பான முறைப்படுத்தல் சிறப்புப் பிரிவு ஒரு செல்போன் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. வெயில் காலத்தில் பொதுமக்களின் தாகத்தை நெறிப்படுத்துவது அதன் நோக்கம் என்று வாசல் பலகையில் எழுதியிருந்தது. படியேறி மூச்சு வாங்கி வந்தவளைப் பூமாரி பெஞ்சில் உட்கார வைத்தாள்.

“உக்காருங்கக்கா. தண்ணி மட்டும் கேட்றாதீக. கேன் வந்து மூணு நாளாச்சு.”

உள்ளே உதவிப் பான அலுவலர் சுரேஷ்கண்ணன் படிவத்தை விரித்தார். முப்பது வயசு இருக்கும். நல்ல பிள்ளை, கெட்ட படிவம்.

“பானத்தோட பேரு?”

“திராட்சை ஜூஸ் தம்பி.”

“அது பொதுப்பேருமா. உங்க பானத்துக்குன்னு உள்ள பேரு?”

“அதான் பேரு. திராட்சையைப் போடுறோம்ல.”

“பேருல உள்ள பொருள் பானத்துக்குள்ளயும் இருந்தா அதுக்குத் தனியா நிரூபணம் காட்டணும். ‘கோடை இன்பம்’னு போட்டுக்கங்க. இன்பத்துக்கு யாரும் நிரூபணம் கேக்க மாட்டாக.”

இவாஞ்சலினுக்கு அந்தப் பேரை வாயால் சொல்லவே கூச்சமாக இருந்தது. தலையாட்டினாள்.

“வகை? தூள், செறிவு, வாயு ஏற்றியது. இதுல எது?”

“பழம்.”

“அந்தக் கட்டம் இல்லையே.”

“அப்ப பழத்தை எதுல எழுதுவீக?”

அவர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். “‘அந்நியப் பொருள் ஏதேனும் கலந்திருப்பின்’னு ஒரு கட்டம் இருக்கு. அதுல திராட்சைன்னு போட்டுருவோம். எத்தனை நாள் கெடாம இருக்கும்?”

“நாளா? பதினோரு மணிக்கு ஊத்த ஆரம்பிச்சா பதினொண்ணேகாலுக்கு அண்டாவைக் கவுத்திருவேன் தம்பி.”

“குறைஞ்சது இருபத்தொரு நாள் இருக்கணும்மா.”

“இருபத்தொரு நாள் வச்சா கெட்டுருமே.”

“கெடுதா இல்லையான்னு பாக்கத்தான் வைக்கிறதே. மாதிரி எடுத்து, சீல் வச்சு, இருபத்தொரு நாள் பீரோவுல பூட்டி வைப்போம். கெடலைன்னா சான்று.”

“கெட்டுப்போனா?”

“கெட்டுப்போற பொருளைப் பிள்ளைகளுக்குக் குடுத்தீகன்னு ஆகும்.”

“நாங்க கெடுறதுக்கு முந்தியே குடுத்திருவோமே தம்பி.”

சுரேஷ்கண்ணன் பேனாவைக் கீழே வைத்தார். “எல்லாத் தப்பும் அப்படித்தாம்மா நடக்குது. வெளிய தெரியறதுக்கு முந்தியே செஞ்சு முடிச்சிருவாக.”

வாசலில் விளக்குமாற்றோடு நின்ற பூமாரிக்குப் பொறுக்கவில்லை. “சார், சோறு ஒரு நாள் தாண்டாது. நம்ம டிபன் பாக்ஸுக்கெல்லாம் சான்று வாங்கியாச்சா?”

“அது திடப்பொருள் பூமாரி. நம்ம பிரிவுக்கு வராது. ரசம் ஊத்திக்கிட்டா வரும்.”

அன்றிலிருந்து அந்த ஆபீஸில் மத்தியானம் யாரும் ரசம் ஊற்றிக்கொள்வதில்லை.

ஏப்ரல் இருபத்தொன்றாம் தேதி மாதிரி எடுக்க வந்தார்கள். அன்றிலிருந்து இருபத்தொரு நாள் என்றால் மே பன்னிரண்டு. வேதாகமப் பள்ளி மே நாலில் தொடங்கிப் பதிமூன்றில் முடிகிறது. இவாஞ்சலின் விரல்விட்டு மூன்று தடவை எண்ணினாள். பன்னிரண்டாம் தேதி சான்று கைக்கு வந்தால், பதிமூன்றாம் தேதி, கடைசி நாளில் கொடுத்துவிடலாம். ஒரே ஒரு நாள்தான் இடைவெளி. அந்த ஒரு நாளுக்காகத் தினமும் விடியற்காலையில் ஜெபம் பண்ணினாள்.

சுரேஷ்கண்ணனோடு ஒரு பெண்ணும் வந்திருந்தாள். பேர் திரிஷா. பாரம்பரியப் பான ஊக்குவிப்பு ஆலோசகர் என்று கழுத்தில் அட்டை தொங்கியது. அடுப்படியில் இருந்த அண்டாவைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

“ஆன்ட்டி, எவர்சில்வர்ல இருந்தா பாரம்பரியம் தெரியாதே.”

“எங்க அம்மா காலத்துலயும் எவர்சில்வர்தாம்மா.”

“அதுக்கு முந்தி?”

“ஈயம் பூசுன பித்தளை.”

“அதுக்கும் முந்தி?”

“அதுக்கு முந்தி இங்கன திராட்சையே கிடையாதும்மா.”

திரிஷா தன் பையிலிருந்து ஒரு மண்குவளை, ஒரு பனையோலைத் தட்டு, காகிதக் குழல், நாலு புதினா இலை எல்லாம் எடுத்துப் பரப்பினாள். மண்குவளை புதுசு. ஊற்றிய ஜூஸில் பாதியைக் குவளையே குடித்துவிட்டது. மீதியை அவள் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நாற்பது படம் எடுத்தாள்.

“குடிச்சுப் பாரும்மா.”

“இல்ல ஆன்ட்டி. நான் சர்க்கரை விட்டு ரெண்டு மாசமாச்சு. பழச்சாறு குடிக்கிறதில்ல. மக்களைக் குடிக்க வைக்கிறதுதான் என் வேலை.”

சுரேஷ்கண்ணனுக்கு அந்த விரதம் எதுவும் கிடையாது. ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். சுவைப் பரிசோதனை என்று இன்னொன்று குடித்தார். மூன்றாவதுக்கு யாரையும் தொந்தரவு பண்ணக் கூடாது என்று, வாய் வைத்த டம்ளரை அப்படியே அண்டாவுக்குள் விட்டு முகந்தார்.

இவாஞ்சலினின் கை பாதி தூரம் ஓங்கி நின்றது. எந்த வீட்டிலும் எச்சில் டம்ளரை அண்டாவில் விட்டால் அந்த நிமிசமே கையில் ஒரு அடி விழும். சின்ன வயசில் ஷெரின் வாங்கியிருக்கிறாள். ஆனால் அரசாங்கத்தின் கையில் எப்படி அடிப்பது. அதே அண்டாவிலிருந்து மூன்று பாட்டில் நிரப்பி, மூடி, அரக்கு உருக்கிச் சீல் வைத்தார்கள்.

கடையிலிருந்து சாப்பிட வந்திருந்த கிங்ஸ்லி மனைவியின் காதருகில் கேட்டார். “அந்த எச்சிலுக்கும் சேத்தா சான்று வரும்?”

“சும்மா இருங்க. கேட்டுறப் போகுது.”

“கேக்கட்டும். அந்நியப் பொருள் கட்டத்துல அதையும் எழுதச் சொல்லு.”

மே நாலாம் தேதி பள்ளி தொடங்கியது. எண்பத்தேழு பிள்ளைகள். பொன்னுராஜ் பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி, பாக்கெட்டை வெட்டி ஆரஞ்சுப் பவுடரைக் கொட்டினார். தண்ணீர் பளீரென்று ஒரு நிறத்துக்கு மாறியது. ஆரஞ்சுப் பழம் பார்த்தால் அதுவே தன்னைக் குறைச்சலாக நினைத்துக்கொள்ளும். கரண்டியை இவாஞ்சலின் கையில் கொடுத்தார்.

“நீங்களே ஊத்துங்க சிஸ்டர். பழக்கப்பட்ட கை.”

அவள் ஊற்றினாள். முதல் நாள் பிள்ளைகள் கேட்டார்கள், “ஆன்ட்டி, திராட்சை ஜூஸ் எப்ப?” கடைசி நாள் என்றாள். மூன்றாம் நாளும் கேட்டார்கள். ஆறாம் நாள் கேட்கவில்லை. எல்லோரும் நாக்கை நீட்டி யாருடைய நாக்கு அதிக ஆரஞ்சு என்று போட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த நாட்களில் ஆபீஸில் என்ன நடந்தது என்பதைப் பூமாரி பஸ்ஸில் குரலைத் தணித்துச் சொன்னாள். பீரோ மேற்குச் சுவரை ஒட்டி இருந்தது. மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் அந்தச் சுவரில் அப்பளம் சுடலாம். மே தொடக்கத்திலேயே பீரோவுக்குள்ளிருந்து ‘உஸ்’ என்று சத்தம் வர ஆரம்பித்தது.

“சார், பீரோக்குள்ள என்னமோ சீறுது.”

மாவட்டப் பான அலுவலர் சங்கரலிங்கம் காதை வைத்துக் கேட்டார். ஓய்வு பெற இரண்டு வருசம் இருக்கிற மனுசன். மூன்றடி பின்னால் போய் நின்றார். “பாம்பு.”

“திறந்து பாத்துருவமா சார்?”

“எப்படித் திறக்கிறது? உள்ள மாதிரி பாட்டில் இருக்கு. இருபத்தொரு நாளுக்கு முந்தித் திறந்தா விதிமீறல்.”

ஆகையால் பாம்பையும் இருபத்தொரு நாள் வைத்திருப்பது என்று முடிவாயிற்று. ‘பீரோவில் பாம்பு உள்ளது. அலுவல்கள் வழக்கம்போல் நடைபெறும்’ என்று பீரோக் கதவில் ஒட்டினார்கள். மனுக்களோடு வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு வாசலோடு திரும்பினார்கள். அந்த வாரம் நிலுவையில் ஒரு மனுவும் இல்லை என்று மேலிடத்திலிருந்து பாராட்டுக்கூட வந்தது.

பதினாறாம் நாள் மத்தியானம் பீரோவுக்குள் டமார் என்று ஒரு சத்தம். எல்லோரும் செல்போன் கடைவரை ஓடிவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் பீரோவுக்கு அடியிலிருந்து கருஞ்சிவப்பாக ஏதோ ஒழுகிக்கொண்டிருந்தது.

“பாம்பு செத்துருச்சு,” என்றார் சங்கரலிங்கம். “ரத்தத்தைத் தொடைச்சிரு பூமாரி.”

பூமாரி குனிந்து துடைத்தாள். ஒரு தடவை மோந்தாள். பதினெட்டு வருசமாகத் தன் வீட்டுக்காரன் சட்டையில் மோந்த வாசனை. செத்த பாம்பை எடுக்க விதியில் தடையில்லை என்று பீரோவைத் திறந்தார்கள். பாம்பு இல்லை. மூன்று பாட்டிலில் ஒன்று சில்லுச்சில்லாகக் கிடந்தது. மீதி இரண்டும் வெடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன.

பன்னிரண்டாம் தேதி காலையில் இவாஞ்சலின் அந்தப் படிகளை ஏறினாள். சின்னச்சாமியிடம் முதல் நாளே சொல்லிவைத்துவிட்டாள். சான்று கையில் வாங்கினதும் ஒரு போன், கூடை பஸ் ஏறிவிடும்.

சங்கரலிங்கம் அவளை உட்காரச் சொல்லவில்லை. எழுந்து நின்று கடிதத்தை வாசித்தார்.

“‘கோடை இன்பம் எனும் தங்களது பானம் இருபத்தொரு நாட்கள் முறைப்படி பாதுகாக்கப்பட்டதில், அதில் போதைத் தன்மை ஐயத்திற்கிடமின்றி உறுதிசெய்யப்பட்டுள்ளதாலும், தாங்கள் கடந்த ஆறு ஆண்டுகளாகச் சிறார்களைத் தொடர்ச்சியாகப் போதையில் ஆழ்த்தி வந்துள்ளமை இதன்மூலம் வெளிப்படுவதாலும்...’”

இவாஞ்சலின் இருமல் டானிக்கைக்கூடச் சாராய வாசனை இருக்கிறதா என்று மோந்து பார்த்து வாங்குகிறவள். “ஐயா, நாளைக்குக் கடைசி நாள். நான் ஆண்டவர்ட்ட ஒரு வார்த்தை குடுத்திருக்கேன்.”

“எழுத்து மூலமாவா?”

“இல்லைங்கய்யா. மனசுல.”

“அப்ப அது எங்களைக் கட்டுப்படுத்தாது.”

“நான் உங்ககிட்டக் குடுத்த அன்னைக்கு அதுல போதை இருந்துச்சாங்கய்யா?”

“அன்னைக்குப் பாக்க விதியில்லை.”

அப்போது எதிர் அறையிலிருந்து அன்னத்தாய் வந்தாள். போதைத் தன்மைக் கண்காணிப்புக் கிளையின் ஆய்வாளர். பாட்டிலில் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு அளந்து சொன்னவள் அவள்தான். சிரிக்காத பொம்பளை. விதி என்ன சொல்கிறதோ அதை விதி வெட்கப்படும் அளவுக்குக் கடைப்பிடிப்பவள். மேஜையிலிருந்த பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள்.

“பாட்டிலுக்கு சீல் வச்சது யாரு?”

“நான்தான் மேடம்,” என்றார் சுரேஷ்கண்ணன். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“பீரோ சாவி?”

“ஐயாட்ட.”

“இருபத்தொரு நாள் வெந்து கிடக்கிற செவுத்துப் பக்கம் மூடி வச்சு ஊற வச்சது?”

“விதி எண் ஒம்போது மேடம்.”

“விதி எண் ஒம்போதோட வீட்டு விலாசம் சொல்லுங்க. சம்மன் அனுப்பணும்.”

அன்னத்தாய் பதிவேட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

“எங்க கிளை விதிப்படி, யாரு பூட்டுக்குள்ள போதை உண்டாச்சோ அவுகதான் காய்ச்சுனவுக. இந்தம்மா குடுத்தது பழச்சாறு. அதை வாங்கி, அரசாங்கக் கட்டடத்துல, அரசாங்கப் பீரோவுல, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, மூணு வாரமா காய்ச்சியிருக்கீக.”

சங்கரலிங்கம் உட்கார்ந்துவிட்டார். “மேடம், அது வெறும் மாதிரி.”

“காய்ச்சுறவன் எல்லாம் மொதல்ல மாதிரிக்குத்தான் சார் காய்ச்சுறான். ஒரு பாட்டில் வெடிச்சது. ஒண்ணு எங்கிட்ட வந்துச்சு. மூணாவது எங்க? ‘ஆவியாகிவிட்டது’ன்னு எழுதியிருக்கீக. சீல் உடையாமயா?”

“நல்ல வெயில் மேடம்,” என்றார் சுரேஷ்கண்ணன்.

பூமாரி மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் சங்கரலிங்கம் சார் கண்ணை மூடிக்கொண்டு பழைய பாட்டு மூன்று பாடியதும், சுரேஷ்கண்ணன் மேஜையில் தாளம் போட்டதும் அவளுக்கு மட்டும் தெரியும். அன்றைக்குத்தான் அந்த ஆபீஸில் ஒருத்தருக்கொருத்தர் பிரியமாகப் பேசிக்கொண்டார்களாம்.

இவாஞ்சலின் மெதுவாகச் சொன்னாள். “ஆத்தா, அவுகளை ஒண்ணும் பண்ணிறாதீக. பிள்ளைகுட்டிக்காரவுக. எனக்கு நாளைக்கு ஒரு நாளைக்குக் குடுக்க விட்டாப் போதும்.”

அன்னத்தாய் ரெண்டு பேரையும் பார்த்தாள். “இந்தம்மா சொல்றதுக்கு ஏத்த மாதிரி ஒரு தாள் எழுதுங்க. சரியா இருந்தா என் பதிவேட்டுலயும் ஆவியாகிரும்.”

முப்பத்துநாலு வருச சர்வீஸ் ஒரு மனுசனுக்கு எதற்கு உதவும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சங்கரலிங்கம் கண்ணை மூடினார், சொல்லச் சொல்ல சுரேஷ்கண்ணன் எழுதினார்.

“‘மேற்படி பானம் விண்ணப்பதாரரின் கையில் உள்ளவரை குற்றமற்றதாக இருப்பதும், அலுவலகத்தினுள் வந்த பின்னரே குணம் மாறுவதும் ஆய்வில் தெரியவருவதால், இப்பானம் எந்த அலுவலகத்தினுள்ளும் நுழையத் தடைவிதிக்கப்படுகிறது. ஏனைய இடங்களில் மே பதிமூன்றாம் தேதி ஒரு நாள் மட்டும் அனுமதிக்கப்படுகிறது.’”

அன்னத்தாய் வாங்கி இரண்டு தடவை படித்தாள். “சரியா இருக்கு. மனுசருக்கும் இதே மாதிரி ஒண்ணு போடலாம்,” என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் கூடை வந்தது. பதிமூன்றாம் தேதி விடியற்காலையில் அடுப்பு மூட்டி, கிங்ஸ்லி மத்துப் பிடிக்க, தோல் வெடித்து, துணியில் வடிந்து, எலுமிச்சை விழுந்து நிறம் திரும்பியது. “ஸ்தோத்திரம்,” என்றாள் இவாஞ்சலின். கண்ணில் தண்ணீர். பதினோரு மணிக்கு அண்டா சபை வளாகத்தில் வேப்ப மரத்தடியில் இருந்தது. சான்றைப் பொன்னுராஜ் மரத்தில் கட்டித் தொங்கவிட்டார்.

முதல் பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தது.

“ஆன்ட்டி, இதுல என்னமோ வாசம் வருது.”

“திராட்சை வாசம் கண்ணு.”

“கலர் ஒட்டவே மாட்டேங்குது,” என்று இரண்டாவது பிள்ளை நாக்கை நீட்டிக் காட்டியது.

“ஆரஞ்சு முடிஞ்சிருச்சா ஆன்ட்டி?” என்றது மூன்றாவது.

ஒன்பது நாள். ஒன்பதே நாள். ஆறு வருசம் இந்த ஜூஸுக்காக வரிசையில் இடித்துக்கொண்டு நின்ற பிள்ளைகள் ஒரு வாய், ரெண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரை ஓரமாக வைத்துவிட்டுப் போனார்கள். இவாஞ்சலின் எண்பத்தேழு பேருக்கும் ஊற்றினாள். ஒன்றுகூட விடவில்லை. கடைசி டம்ளரை நீட்டினபோது மனசுக்குள் சொன்னாள். ‘ஆண்டவரே, நான் குடுத்துட்டேன். அவுக குடிச்சாகளான்னு நீர் பாத்துக்கும்.’

அண்டாவில் பாதி மிச்சம் இருந்தது. அது என்றைக்கும் இல்லாத வழக்கம். என்ன செய்வது என்று நிமிர்ந்தால், கேட்டுப் பக்கம் ஒரு கூட்டம். கிறிஸ்துமஸுக்குக்கூடச் சபைப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆம்பளைகள். ஒருத்தர் கையில் சொம்பு, ஒருத்தர் கையில் பால் கேன், ஒருத்தர் கையில் மூடி இறுக்கமான பாட்டில். ஆபீஸில் நடந்தது ஒரே நாளில் பஜார் முழுக்கப் பரவியிருந்தது. கூட்டத்துக்கு முன்னால், ஒழுங்குபடுத்துகிறவர் மாதிரி, பொன்னுராஜ் நின்றார். குரலைத் தணித்தார்.

“சிஸ்டர், ஒரு விவரம். அந்த ஆபீஸ்ல கண்டுபிடிச்ச தன்மை இதுல எப்ப வரும்?”

“வராதுங்கய்யா. இன்னைக்கே குடிச்சுட்டா ஒண்ணும் வராது.”

“சரி, சரி. கொஞ்சம் வாங்கிட்டுப் போய் வீட்டுப் பீரோவுல வச்சா?”

இவாஞ்சலின் மரத்தில் தொங்கிய சான்றைக் காட்டினாள். “இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் அனுமதி போட்டிருக்கு.”

“வாங்குறதுக்குத்தான் சிஸ்டர் தேதி போட்டிருக்காக. வைக்கிறதுக்குப் போடல. நான் படிச்சுப் பாத்துட்டேன்.”

சொம்பும் பால் கேனும் நிரம்பி, பதினொண்ணேகாலுக்கு அண்டா கவிழ்ந்துவிட்டது. அடுத்த மூன்று வாரம் பழனிசெட்டிபட்டியில் பல வீடுகளில் பீரோ சாவி ஆம்பளைகள் இடுப்பிலேயே இருந்ததாம். சேலை எடுக்க முடியாமல் பொம்பளைகள் கட்டினதையே கட்டிக்கொண்டு கோயிலுக்கும் சபைக்கும் போனார்கள்.

பூமாரி இதைச் சொல்லி முடிக்கவும் பஸ் டயர் மாட்டி முடிக்கவும் சரியாக இருந்தது. பாவம் இவாஞ்சலின், அந்தப் பிள்ளைகள் இப்படிப் பண்ணியிருக்கக் கூடாது என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து வந்தது, “ஏன் பூமாரி, அந்த மூணாவது பாட்டில் எப்படி இருந்துச்சாம்?” என்பதுதான். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், நாளைக்கு ஒரு கிலோ பன்னீர் திராட்சை வாங்கி இதே மாதிரி போட்டு ஒரு டம்ளர் கொடுத்துப் பாருங்கள். முழுசாகக் குடித்தார்களா என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், போதும்.